கலகக்காரரைப் பிடித்த என் மனைவி

புல்மோட்டையில் வேலை பார்க்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, வேலை முடிந்ததும் எனக்குப் போன் எடுப்பான். சுகம் விசாரிக்க அல்ல. நாங்கள் இருவரும் சேர்ந்து கணினி விளையாட்டொன்றில் ஒரு பழங்கால ராச்சியத்தை ஆண்டுவந்தோம். "அத்தான், இதுக்கு என்ன செய்வம்?" என்று கேட்பான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு யோசனை சொல்வேன். நான் வேலை செய்யும் கந்தோரில் என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. வீட்டில் சொன்னாலும் கேட்பதில்லை. அந்த ஒரு போன்தான் எனக்குக் கிடைத்த பதவி.

அப்போதுதான் ராச்சியத்தில் கலகக்காரர் கிளம்பினார்கள். சின்னப் படை. என் பெரும்படை வடக்கே போனால் அவர்கள் தெற்கே ஊரைக் கொளுத்துவார்கள். தெற்கே திரும்பினால் காட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். எதிரி ஒரு அம்புகூட விடவில்லை. நடந்த களைப்பிலும் பட்டினியிலுமே என் வீரர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"நீங்கள் மான் கலைக்கிற மாதிரியே கலைக்கிறீங்கள்."

எங்கள் வளவுக்குள் மான்கள் வரும். திருகோணமலையில் அது புதினமில்லை. நான் விளக்குமாற்றோடு துரத்துவேன். அவை வீட்டைச் சுற்றி ஓடி, மறுபக்கத்தால் வந்து செவ்வரத்தைப் பூக்களைத் தின்னும்.

"ஓடுறதுகளுக்குப் பின்னால ஓடினால் நிக்குங்களே? போற வழியில முதல்ல ஆளை நிப்பாட்டுங்கோ. பிறகு மெல்லமாப் போங்கோ."

சொன்னதோடு விடாமல் என்னை எழுப்பிவிட்டு, நான் இருந்த கதிரையையும் பிடித்துக்கொண்டாள். ஆற்றுத் துறையிலும் கணவாயிலும் கொஞ்சக் குதிரைகளை நிறுத்தினாள். பெரும்படையை ஆற அமர நடத்தினாள். கலகக்காரர் ஓடிப்போய் நேரே துறையில் நின்ற குதிரைப்படையிடம் மாட்டிக்கொண்டார்கள்.

மச்சானும் தன் கணினியில் அதைப் பார்த்திருந்தான். அடுத்த நாள் போன் வந்தது.

"அத்தான், அக்கா நிக்கிறாவோ?"

"நான் நிக்கிறன்தானே?"

"ஓம் ஓம். அக்காவிட்டக் குடுங்கோவன்."

அன்று முதல் நான் ரகசியமாகக் கலகக்காரரின் பக்கம் சேர்ந்துகொண்டேன். கிழக்கே புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியபோது, 'ராசாக்களே, இந்த முறையாவது தப்பிப் போங்கோ' என்று குசினியில் தேங்காய் துருவியபடி மன்றாடினேன். அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அக்காவும் தம்பியும் சிரித்த சிரிப்பில் எனக்குத் தேங்காய்ப்பூவோடு சிரட்டையும் சேர்ந்து துருவுப்பட்டு வந்தது.

அடுத்த கூட்டம் ஆற்றுப் பாலத்தை நோக்கி வருகிறது என்று மனைவி போனில் சொல்வது கேட்டது. பொறுக்க ஏலாமல் குசினியிலிருந்தே கத்தினேன்: "பாலத்தை உடைக்கச் சொல்லும்!"

போனில் மச்சானின் குரல் கேட்டது. "அக்கா, பின்னால ஆர் சத்தம் போடுறது?"

"அது இஞ்ச கிளம்பின கலகக்காரன்ரா. கலைக்கக் கூடாது. தன்ர பாட்டில வருவார்."

வரக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் சண்டை தொடங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போய், கதிரைக்குப் பின்னால் நின்றபடி, பாலத்தை ஏன் உடைக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். என் வாழ்நாளிலேயே சிறந்த யோசனை அது.

மச்சான் முழுக்கக் கேட்டான்.

"அது சரி அத்தான். அக்கா என்ன சொல்லுறா?"