வலது கட்டைவிரல்

சென்னீர்குப்பத்துக்கு உள்ளே தள்ளி, உரிமம் வாங்கி நடக்கும் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கழுவிக் கொடுப்பது என் வேலை. அவற்றில் மருந்தும் ஈயக் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது அவர் வேலை.

அங்கே இருக்கும் பழைய ரிவால்வர்களில் தோட்டா போடும் சிலிண்டர் குட்டை. உறுப்பினர்களுக்கோ கனமான குண்டுதான் பிடிக்கும். கனம் கூடினால் நீளமும் கூடும். கொஞ்சம் தூக்கலாக உட்கார்ந்தாலும் குண்டின் மூக்கு வெளியே வந்து துப்பாக்கியின் சட்டத்தில் இடிக்கும், சிலிண்டர் சுற்றாது.

“பெரிய ஒடம்புக்காரிய ஷேர் ஆட்டோல ஏத்துற மாறி, அமுக்கி உக்கார வெக்கணும்” என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொல்வார் என் வீட்டுக்காரர். நான் வாளியோடு பின்பக்கம் போய்விடுவேன்.

உட்கார வைத்த குண்டின் மேல் கூட்டின் வாயை இறுக்கி மடிக்க வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் ஒரு தோட்டா வெடிக்கும் உதைப்பில் மற்றவற்றின் குண்டுகள் முன்னால் நழுவிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் வலது கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அசையாதது மட்டுமே தட்டுக்குப் போகும்.

போன மழைக்காலத்தில் அவருக்கு வலப்பக்கம் வாதம் வந்தது. நடக்க முடிந்ததுமே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

“ஊட்ல குந்திகினு இன்னாடி பண்றது? செவுத்தயா எண்றது?”

ஒரு தட்டு தோட்டா போட்டுக் காட்டட்டும், சரியாக வந்தால் பழைய இடம் என்றார் கிளப் செயலாளர். அன்று காலை முழுக்க என் வீட்டுக்காரர் குண்டை இறுக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்தார். ஒவ்வொன்றையும் வழக்கம்போல அழுத்தினார். “இன்னா கெட்டியா கீது பாத்தியா” என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

உறுப்பினர்களில் ஐடி வேலை பார்க்கும் ஒரு தம்பி சுட்டுப் பார்த்தார். இரண்டாவது தோட்டாவிலேயே சிலிண்டர் நின்றுவிட்டது.

“அண்ணே, சுத்த மாட்டேங்குது.”

“எண்ண போடாத துப்பாக்கி எப்டி நைனா சுத்தும்? இந்தா, நீயே அமுக்கிப் பாரு.”

தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அந்தத் தம்பி கட்டைவிரலை வைத்ததும் குண்டு உள்ளே இறங்கியது.

என் வீட்டுக்காரர் இன்னொன்றை எடுத்து வலது கையால் அழுத்தினார். அசையவில்லை. அப்படியே இடது கைக்கு மாற்றினார். இறங்கியது. வலது கையில் இழுக்கவும் அழுத்தவும் பலமே போயிருக்கிறது. அதனால்தான் எல்லாமே அவருக்குக் கெட்டியாகத் தெரிந்திருக்கிறது. தட்டில் மீதி இருந்ததையெல்லாம் எடுத்து எடுத்து இடது கையால் அழுத்தினார். எல்லாம் இறங்கின.

“கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்களேன்” என்றார் செயலாளர்.

“வேணாம் சார். இவளுக்குத் தெரியும், இவளே போடட்டும்.”

இப்போது அவருடைய ஸ்டூலில் நான் உட்காருகிறேன். ஆரம்பத்தில், நான் ஐயப்பன்தாங்கலில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததுமே கேட்பார்: “சுத்துச்சா?”

“சுத்துச்சுய்யா” என்பேன்.

இப்போதெல்லாம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.