சுல்தானின் சபைக்கு நான் எழுதிய கடிதம்

உங்கள் சித்தப்பா மலேசியாவில் வேலை செய்கிறார் என்று சொல்லித்தான் உங்களை வளர்த்தோம், பிள்ளைகள். அது பொய். அவர் அங்கே சிறையில் இருந்தவர். தங்கியிருந்த அறையில் ஒரு சண்டை. கூட இருந்த மன்னார்ப் பொடியன் செத்துப்போனான். தீர்ப்பு ஆயுள் தண்டனை. இனி நீங்கள் வேறு ஆட்கள் சொல்லிக் கேட்கக்கூடாது, நானே சொல்கிறேன்.

அப்பீல் எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சினது ஒரு வாசல்தான்: அந்த மாநிலத்துச் சுல்தானிடம் மன்னிப்புக் கேட்பது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இங்கே நாங்கள் குடியிருக்கிற அல்பெர்கேரியா வீட்டில், கீழே சந்தைக்காரர் கத்துகிற சத்தத்துக்குள் மூன்று நாள் இருந்து எழுதினேன். ராசாவின் கருணையைப் புகழ்ந்து மூன்று பக்கம். கடைசி வரி, ‘என் தம்பி ஒரு பாவமும் அறியாதவன்’.

அங்கே எங்கள் வழக்கைப் பார்த்த வக்கீல் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். வாசித்துவிட்டு ஃபோன் எடுத்தா.

“என்னண்ணே, மாதா கோயிலுக்கு நவநாள் செபம் எழுதியிருக்கீங்க?”

“ராசாவுக்கு எழுதிறதெண்டால் அப்பிடித்தானே, பிள்ளை?”

“ராஜா தனியா உக்காந்து படிச்சு அழமாட்டாருண்ணே. அவரோட ஒரு சபை உக்காரும். முதலமைச்சர் இருப்பாரு, இன்னும் சில பேரு. அரசாங்கத்தோட தலைமை வக்கீல் கருத்து எழுதிக் குடுப்பாரு. அவங்க ஆலோசனை சொல்லுவாங்க, கையெழுத்து ராஜாவோடது. அது கோர்ட்டும் இல்ல. செய்யலன்னு அங்க திரும்ப வாதாட முடியாது. செஞ்சவன் மாறிட்டானான்னுதான் பாப்பாங்க. உங்களுக்கு உண்மையில தெரிஞ்சத எழுதுங்க.”

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒருமுறை மலேசியாவுக்குப் போய்ச் சிறையில் பார்த்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தம்பி சொன்னான்: “நான்தான் அண்ணை அடிச்சனான்.” கோர்ட்டில் கடைசிவரை இல்லை என்றவன். நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, உங்கள் அம்மாவுக்குக்கூட.

அன்றைக்குத்தான் அம்மாவுக்குச் சொன்னேன். அவ கேட்டா:

“இஞ்சேருங்கோ, எழுதிக் குடுத்த பிறகு அவங்கள் மாட்டம் எண்டால்? நீங்களே காட்டிக் குடுத்த மாதிரி ஆகிடும்.”

“ஓம்.”

“ஓம் எண்டு சொல்லிக்கொண்டு இருக்காதேங்கோ!”

மகன், நீ அப்போது சின்னன். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “அப்பா, ராசா எண்டால் நினைச்சதைச் செய்யலாம்தானே?” என்று கேட்டாய். போய்ப் படி என்று ஏசினேன். பதில் இப்போது சொல்கிறேன். ராசா கோபக்காரனாக இருக்கலாம், இளகின மனசுக்காரனாகவும் இருக்கலாம். ஒரு மனுசனின் அன்றைய மனநிலையில் இன்னொருவன் சீவியம் தொங்கக்கூடாது. அதற்குத்தான் பக்கத்தில் சபை. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தச் சபை வேண்டாம் என்றுதான் இருந்தது. ராசாவின் காலில் விழலாம். சபைக்குக் கால் இல்லையே.

ஒரு பக்கம் எழுதினேன். ‘என் தம்பி அடித்தான். என்னிடம் சொன்னான். அதைச் சொன்ன நாளிலிருந்து அவன் வேறு ஆள்.’ வியா மக்வேதா தெருவில் ஒரு கடையில் ஸ்கான் எடுக்கக் கொடுத்தேன். அனுப்பவா என்று கடைக்காரன் ரெண்டு தரம் கேட்டான். ரெண்டாம் தரம் ஓம் என்றேன்.

பிறகு மாதக்கணக்காக ஒன்றும் இல்லை. ஃபோன் அடித்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நிற்பா.

நான் கூலிக்குப் போகிற சியாகுல்லித் தோட்டத்தில் கடைசி மாண்டரின் தோடம்பழம் பறிக்கிற காலம். நான் ஏணியில் நிற்கிறேன், வக்கீல் எடுத்தா. “கையெழுத்தாயிருச்சுண்ணே. அடுத்த வருஷம் விடுதலை பண்ணி ஊருக்கு அனுப்பிருவாங்க.” கூடை கீழே விழுந்தது. முதலாளி கத்தினது எனக்குக் கேட்கவில்லை.

“என்ர கடிதத்தாலயோ, பிள்ளை?”

“அது யாருக்கும் தெரியாதுண்ணே. சபை காரணம் சொல்லாது. உள்ள பேசினது உள்ளயே.”

அடுத்த கிழமை தம்பிக்கு என்னோடு கதைக்க அனுமதி கிடைத்தது.

“அண்ணை, நான் சொன்னதை எழுதினனீங்களோ?”

“ஓம்.”

பிறகு கேட்டான்: “அந்தப் பொடியன்ர அம்மா உயிரோட இருக்கிறாவோ?”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை. இப்போது மன்னார்ப் பக்கம் ஆட்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.