கூழ்முட்டை மணத்தில் ஒரு சமாதானம்

போன ஞாயிறு, கனடாவில் எங்கள் அஜின்கோர்ட் வீட்டில் முட்டைகளை அவிய வைத்துவிட்டு மறந்துபோனேன். தண்ணீர் வற்றி, முட்டைகள் வெடித்து, வீடு முழுக்க நாற்றம். மனைவி திட்டிக்கொண்டே யன்னல்களைத் திறக்க, நான் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். எனக்கோ அது ரொற்றோருவாவின் மணம். நியூசிலாந்தில் ஏரிக்கரையில் இருக்கிற அந்த ஊரில்தான் என் அக்கா எனக்குத் திரும்பக் கிடைத்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கனேடியக் கடவுச்சீட்டு கைக்கு வந்த புதிது. அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்த ஆள் நான். முதல் பயணமே அக்காவிடம், ஓக்லாந்துக்கு. ஒன்பது வருடமாக அவளோடு பேச்சில்லை. யாழ்ப்பாணத்தில் அவள் தான் விரும்பிய வேதக்காரப் பெடியனை, ஒரு கிறிஸ்தவனை, கட்டியபோது, "ஒருத்தரும் போகப்படாது" என்றுவிட்டார் அப்பா. நானும் போகவில்லை. கலியாணம் நடந்த மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிச் சைக்கிளோடு நின்றுவிட்டுத் திரும்பிய வீரன்!

ஓக்லாந்தில் மூன்று நாள் ஒரே மரியாதை. "சீனி காணுமோ?" என்று தேத்தண்ணியோடு அக்கா கேட்பாள். "காணும், போதும்" என்பேன். அதற்குமேல் கதை ஓடவில்லை. நாலாம் நாள் அத்தான் பொறுக்கமாட்டாமல், "நிலத்துக்குள்ளையிருந்து ஆவி வாற ஊர் ஒண்டு இருக்காம். வாங்கோ, பாத்திட்டு வருவம்" என்று காரை எடுத்தார். அவர்களும் அந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்தான். ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஊர் நெருங்க, காருக்குள் அந்த மணம். நான் அத்தானைச் சந்தேகித்தேன். மரியாதைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்ல யன்னலை இறக்கினார். மணம் இன்னும் கூடியது.

அக்கா வெடித்துவிட்டாள். "டேய், குசு விட்டது நீயோ இவரோ? உண்மையைச் சொல்லுங்கோ!"

"சத்தியமா நானில்லை அக்கா!"

"ஐயோ, நானுமில்லையப்பா!" என்றார் அத்தான்.

அப்போதுதான் பார்த்தோம்: தெருவோரத்தில் கழிவுநீர் ஓடும் கானிலிருந்து புகைபோலக் கந்தக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நாறியது ஊர்தான். அத்தான் காரை ஓரம் கட்டினார். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

பிறகு, சேறு ஒடியல் கூழ்போலக் கொதிக்கிறதைப் பார்த்துவிட்டு, ஒரு வெந்நீர்த் தொட்டியில் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தோம்.

"உன்ரை கலியாணத்துக்கு நான் வரேல்லை அக்கா" என்றேன்.

"ஓம். பலகாரம் எல்லாம் மிஞ்சிப்போச்சு" என்றாள், என் கால்மேல் தன் காலை வைத்து அழுத்தியபடி.

இதையெல்லாம் விமானத் தபாலில் போகிற ஒரு நீலக் கடிதத்தில் அப்பாவுக்கு எழுதினேன், குசுவை மட்டும் விட்டுவிட்டு. பதில் வர மூன்று மாதம் எடுத்தது. கடைசி வரியில், "மருமகனையும் சுகம் கேட்டதாகச் சொல்லவும்" என்று இருந்தது. 'மருமகன்' என்ற சொல்லை அவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

இன்றைக்கு அப்பா இல்லை. நீலக் கடிதமும் இல்லை. அக்காவும் நானும் தினமும் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். காலையில் சண்டை பிடித்தால் மத்தியானம் சமாதானம். ஒன்பது வருடம் ஒருத்தரோடு கோபமாக இருக்கிற வசதியெல்லாம் இப்போது ஆருக்குக் கிடைக்கிறது, சொல்லுங்கள்?