கதாநாயகிக்கு நான் கொடுத்த ரத்தம்

ஒரு சினிமாவுக்கு ரத்தம் கொடுத்தவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் அஞ்சாம் வகுப்பு. அதோடு பள்ளிக்கூடமும் முடிந்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஆற்றோரம் இருந்த ஆளில்லாத பங்களாவுக்குப் படம் எடுக்க வந்தார்கள். முகமூடிக்காரன் ஒருவன் வீட்டிலுள்ளவர்களை ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டே வருவான். வேலைக்கு வந்த பெண் மட்டும் கடைசியில் தப்பிப்பாள். கதை அவ்வளவுதான். ஒரு கேமரா, ஒரு அரிவாள். வெட்டுப்பட்டுச் செத்தவர்களே எழுந்து வந்து மதியச் சாப்பாடு பரிமாறினார்கள். கதாநாயகி சிதம்பரத்து நாடகக் கம்பெனிப் பெண். பதினெட்டு வயது இருக்கும். சினிமா அவளுக்கு அதுதான் முதல்.

ரத்தம் என் மாமா பொறுப்பு. கறிக்கடை வைத்திருந்தார். காலையில் ஆடு அறுத்ததும் தூக்குவாளியில் பிடித்து, உறையாமல் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டே எடுத்துப் போவார். பின்னாலேயே நானும் போவேன்.

அன்றைக்கு வீட்டு முதலாளியை வெட்டும்போது கதாநாயகி முகத்தில் ரத்தம் தெறிக்க வேண்டும். தெறித்ததும் அவள் வாந்தி எடுத்தாள். கழுவிவிட்டு வந்து நின்றாள். மறுபடியும் வாந்தி. டைரக்டர் நாற்காலியை எட்டி உதைத்தார்.

"முடியலன்னா சொல்லிடு. சாயங்காலம் பஸ் ஏறு. உங்க கம்பெனியில வேற பொண்ணே இல்லியா?"

"பண்றேன் சார். அந்த வாடைதான் சார்..."

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாடையா? காத்தால அறுத்த வெள்ளாடும்மா! இதப் பொரிச்சித் தின்ன எங்க ஊர்ல சண்டையே நடக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சுவரோரம் திரும்பி நின்று அழுதாள்.

நான் ஆற்றங்கரைக்கு ஓடினேன். சப்பாத்திக்கள்ளி பழுத்துக் கிடந்தது. குச்சியால் தட்டி, மணலில் புரட்டி முள்ளை உதிர்த்து, பிசைந்து பிழிந்தேன். கொட்டாங்கச்சி நிறையச் செக்கச்செவேலென்று சாறு. கையெல்லாம் சுணை ஏறி அரித்தது. அப்படியே போய் டைரக்டர் முன்னால் நீட்டினேன்.

"என்னா பாப்பா இது?"

"இது நாறாது," என்றேன். வேற்று மனிதரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அடிப்பாவி, எனக்கே போட்டிக் கடை போடுறியா!" என்றார் மாமா.

அவள் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "இனிக்குது சார்!" டைரக்டர் பதில் சொல்வதற்குள் கொட்டாங்கச்சியை வாங்கி, ரத்தம் தெளிக்கிறவரிடம் கொடுத்துவிட்டாள்.

"இதுதான் கடைசி. வரலன்னா பஸ்ஸுதான்," என்றார் அவர்.

அவள் அலறினாள். பங்களாப் புறாக்கள் அத்தனையும் பறந்தன. மாமாவே ஓரடி பின்னால் போனார். பிறகு அவள் என் கன்னத்தைத் தட்டினாள்; கன்னமும் சிவப்பானது. பஸ் ஏறவில்லை.

படம் கடலூர்க் கொட்டகைக்கு வந்தபோது குடும்பத்தோடு போனோம். ஆரம்பித்ததுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் படம்.

மாமா காதில் சொன்னார்: "அழுவாத. ஒன்னுதும் கறுப்பு, என்னுதும் கறுப்பு."

ஆனால் அவள் அலறியபோது பக்கத்து பெஞ்சுக்காரி கண்ணைப் பொத்திக்கொண்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எல்லாம் என் பழத்தால் வந்தது என்று ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன்.

காப்பித் தண்ணியை ஊற்றியிருந்தாலும் அந்தப் படத்துக்குப் போதும். டைரக்டருக்கு அது தெரியாமலா இருக்கும்? இவளுக்கு நடிக்க வராது, நிஜ ரத்தம் பட்டால்தான் முகத்தில் பயம் வரும் என்று முடிவு கட்டியிருக்கிறார். அஞ்சாம் வகுப்புக்கு அது எட்டவில்லை. ரத்தம் கொடுத்த பெருமை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் கொட்டகையே நடுங்கியது ரத்தத்தைப் பார்த்து அல்ல. உதட்டில் தித்திப்பை வைத்துக்கொண்டு அவள் அப்படிப் பயந்து காட்டினாள்.