லிவர்பூல் பரீட்சை

நியூசிலாந்தில், ஓக்லாந்தின் நியூ லின் பக்கத்துத் தமிழரில் சிறிலை நேரில் பார்க்காதவர்கள் இருக்கலாம்; அவருக்கு லிவர்பூல் பைத்தியம் என்று கேள்விப்படாதவர்கள் இல்லை. பகலில் பென்ரோஸில் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ற் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் கிற்றார் வாசிப்பார். மிச்ச நேரமெல்லாம், தான் ஒருநாளும் கால் வைக்காத அந்த ஆங்கிலேயத் துறைமுக நகரத்தின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருப்பார்.

பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் யாராவது தெரியாத்தனமாக வாயைக் கொடுத்தால் தொலைந்தார்கள். எந்தத் தெரு எந்தத் தெருவில் போய் முட்டும், அல்பேர்ட் டொக் என்கிற கப்பல்துறை எந்த வருஷம் திறந்தது, படகுத்துறைக்கு எதிரே நிற்கிற கட்டடத்தின் உச்சியில் எத்தனை பறவைச் சிலைகள் என்று அவர் தொடங்கினால், கையில் இருந்த ரோல்ஸ் ஆறிப்போகும். அந்த நகரத்து நாலு பையன்களின் பாட்டில் ஆள் மயங்கிப்போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. மன்னாரில் இளந்தாரியாகத் திரிந்தபோது ரேடியோவில் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டுகளைக் கிற்றாரில் பிடித்தவர்தான் சிறில். ஆனால் விஷயம் வேறு. அது அவருடைய மனைவி றோஸ்மேரிக்கு மட்டுந்தான் தெரியும்.

1984இல், தமிழருக்கு எதிரான கலவரத்தில் நாட்டில் நெருப்புப் பிடித்த அடுத்த வருஷம், இருபத்தாறு வயதுச் சிறில் லண்டனில் போய் இறங்கினார். அந்த நாட்களில் விசா தேவையில்லை. குடிவரவு அதிகாரி நம்பினால் போதும். சுற்றுலாவுக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லு, வேறு ஒன்றும் கதைக்காதே என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதிகாரி மரியாதையான மனிதர். எங்கே சுற்றப்போகிறாய் என்று கேட்டார். சிறில் தயங்காமல் லிவர்பூல் என்றார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. ஏன் லிவர்பூல் என்று கேட்டார். சிறில் ஒரு டசின் பாட்டுகளின் பெயரை ஒப்புவித்தார். கேட்டிருந்தால் பாடியும் காட்டியிருப்பார்.

“நல்லது, லிவர்பூல் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது?” என்று கேட்டார் அதிகாரி.

இங்கிலாந்தில் சிறிலுக்குத் தெரிந்த ஆறு ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது. “தேம்ஸ்” என்றார். அதிகாரி பேனையை மூடினார். அடுத்த நாள் விமானத்தில் சிறிலைத் திருப்பி ஏற்றிவிட்டார்கள்.

ஆற்றின் பெயர் தெரியாதவனை எரிகிற வீட்டுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று எந்தப் புண்ணியவான் சட்டம் எழுதினானோ தெரியாது. ஊர் திரும்பிய சிறில் பட்டதெல்லாம் இங்கே வேண்டாம். கடல் கடந்து, சென்னையில் கிடந்து, சுற்றிவளைத்து ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் கிழமை நூலகத்தில் அவர் கேட்டு எடுத்த முதல் புத்தகம் லிவர்பூலைப் பற்றியது.

“பேர் சரியாச் சொல்லியிருந்தாலும் அவங்கள் உங்களைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பாங்கள்” என்று றோஸ்மேரி நூறு தரம் சொல்லியிருப்பார்.

“அது உமக்கு விளங்காது றோஸ். அவன் கேள்வி கேட்டவன். எனக்கு விடை தெரியேல்லை. அவ்வளவுதான்” என்பார் சிறில். பரீட்சையில் தவறியவன் திரும்ப எழுதித்தானே ஆகவேண்டும் என்பது அவருடைய நியாயம்.

மகள் தனுஷிகாவுக்கு இது நல்ல விளையாட்டு. பன்னிரண்டு வயது. சாப்பிடும்போது வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, குரலைத் தடிப்பாக்கி, அதிகாரி மாதிரிக் கேள்வி கேட்பாள். சிறில் சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றுக்கும் விடை சொல்லுவார். ஒன்றிலும் பிழைக்கமாட்டார்.

“டாட், தே வோண்ட் ஈவன் ஆஸ்க் யூ” என்பாள் கடைசியில்.

“கேப்பாங்கள் பிள்ளை. கேக்கத்தான் வேணும்.”

நியூசிலாந்துக் கடவுச்சீட்டு கைக்கு வந்து, வேலையில் லீவும் சேர்ந்து, 1997இல் சிறிலும் றோஸ்மேரியும் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்கள். மகள் சின்னம்மா வீட்டில் நின்றாள். “இவ்வளவு தூரம் போறியள், லூர்துக்கும் ஒருக்காப் போட்டு வாங்கோவன்” என்று பூசைக்கு வருகிற இராசரத்தினம் சொல்லிப் பார்த்தார். சிறிலின் காதில் ஏறவில்லை. விமானத்தில் அவர் நித்திரை கொள்ளவும் இல்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி ஆள் செபம் சொல்கிறார் என்று நினைத்து, மரியாதையாகத் தன் விளக்கை அணைத்தாள்.

லண்டன் விமான நிலையத்தில் வரிசை மெல்ல மெல்ல நகர்ந்தது. சிறில் விடைகளை ஒருக்கால் மீட்டிப் பார்த்தார். இந்த முறை மேசையில் ஓர் இளம் பெண். கடவுச்சீட்டைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். “விடுமுறையா?” என்றாள். சிறில் ஓம் என்று தலையாட்டினார். டக்கென்று முத்திரை விழுந்தது.

சிறில் நகரவில்லை.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “நான் லிவர்பூலுக்குப் போகிறேன்” என்றார் சிறில், கேளாமலே. “நல்லது” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். றோஸ்மேரி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது.

பதின்மூன்று வருஷம் காத்திருந்து, படித்துவிட்டுப் போனவனுக்குக் கேள்வித்தாளே தராமல் அனுப்பினால் எப்படி இருக்கும்? சிறிலுக்கு அழுகைதான் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் இது என்ன கூத்து என்று றோஸ்மேரிக்குக் கோபம். ரயிலில் ஆளுக்கொரு யன்னல் பக்கம் இருந்தபடியே லிவர்பூல் போய்ச் சேர்ந்தார்கள்.

லிவர்பூலில் எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது. மத்யூ தெருவில், அந்த நாலு பேரும் பாடிய நிலவறைக்குப் படியிறங்கிப் போனார்கள். பழையதை மூடிவிட்டு, பழைய செங்கற்களில் கொஞ்சத்தை வைத்துத் திரும்பக் கட்டியது இது என்று வழிகாட்டிப் பெண் சொல்ல வாயெடுப்பதற்குள், சிறில் றோஸ்மேரியின் காதில் சொல்லி முடித்துவிட்டார். ஆனால் குரலில் உயிர் இல்லை. மேடையில் யாரோ ஓர் இளைஞன் கிற்றாரோடு பாடினான். மன்னாரில் பிடித்த அதே பாட்டு. சிறிலின் விரல்கள் முழங்காலில் தானாகவே தாளம் போட்டன. அந்த ஐந்து நிமிஷம் மட்டும் ஆள் நன்றாக இருந்தார்.

கடைசி நாள் பின்னேரம் படகுத்துறைக்கு வந்தார்கள். மழை விட்டிருந்தது. றோஸ்மேரி தேத்தண்ணி வாங்கப் போனார். சிறில் கம்பியில் சாய்ந்தபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். மண்ணிறத் தண்ணீர், வீட்டுக்குப் பக்கத்து மனுக்கோக் கடல் வற்றும்போது கிடக்கிற மாதிரி. மெர்சி என்று அந்த ஆற்றின் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இதற்கா இவ்வளவு என்றிருந்தது.

“மன்னிக்க வேணும்.”

திரும்பினார். மான் என்கிற பக்கத்துத் தீவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒரு வயதான வெள்ளைக்காரர், கையில் சூட்கேசோடு நின்றார். மூச்சு வாங்கியது. “லைம் ஸ்ட்ரீற் ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது?” என்று கேட்டார்.

சிறில் நிமிர்ந்து நின்றார். சட்டைக் கொலரைச் சரிப்படுத்தினார். தண்ணீருக்கு முதுகைத் திருப்பி, கையை நீட்டி, ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். இந்த வோட்டர் ஸ்ட்ரீற்றால் நேரே மேலே போங்கள். நகர மண்டபம் தாண்டினால் அதே தெரு டேல் ஸ்ட்ரீற் ஆகும். விடாமல் நடவுங்கள். முடிவில் தூண் தூணாக ஒரு பெரிய கட்டடம் தெரியும். நிலையம் அதற்கு அந்தப் பக்கம். சூட்கேசோடு என்றால் இருபது நிமிஷம் பிடிக்கும்.

வயதானவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துத் தலையாட்டினார். “உங்களுக்கு நல்லாத் தெரிந்திருக்கிறது. இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?”

சிறில் ஒரு கணம் யோசித்தார்.

“பதின்மூன்று வருஷம்” என்றார்.

அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு, சொன்ன வழியிலேயே, ஒரு தரமும் திரும்பிப் பாராமல் நடந்து போனார். இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்த றோஸ்மேரி எல்லாவற்றையும் பின்னால் நின்று கேட்டிருந்தார். பொய்க்காரன் என்று பேசத்தான் வாயைத் திறந்தார். புருஷனின் முகத்தைப் பார்த்தார். கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். சிறில் அழுதபடியே தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

ஓக்லாந்து விமான நிலையத்தில் தனுஷிகா கம்பி வேலியைத் தாண்டாத குறையாக நின்றாள். கட்டிப்பிடித்த கையை எடுக்குமுன்னே கேட்டாள்.

“டிட் தே ஆஸ்க் யூ, டாட்?”

“ஓம் பிள்ளை, கேட்டவை.”

“ரியலி? வாட் டிட் தே ஆஸ்க்?”

“வழி கேட்டவை” என்றார் சிறில்.