சிவக்காத ஆணி

என் வாய் சும்மா இருக்காது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், வேதியியலை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. பயிற்சிக்கு வந்தவர்கள் பள்ளிகளில் பாடம் எடுக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்ப்பது என்பது பேருக்குத்தான். சமன்பாட்டில் ஒரு எண் பிசகினால் போதும், எழுந்து நின்று சத்தமாகத் திருத்திவிடுவேன். பிள்ளைகள் தப்பாகப் படித்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான், வேறென்ன!

அந்த நல்லெண்ணத்துக்கு ஒருவர் பலியாகப் பார்த்தார். நாற்பதை நெருங்கியவர். வாத்தியார் ஆகியே தீருவது என்று, மருந்துக் கம்பெனியில் நல்ல வேலையை விட்டுவிட்டு எங்களிடம் சேர்ந்தவர். அவருடைய மூன்றாவது வகுப்பில் நான் இரண்டு தடவை எழுந்தேன். இரண்டாவது தடவை பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மறுநாள் என்னிடம் வந்து, "மேடம், எனக்கு இது சரிப்படாது போல இருக்கு" என்றார். "அதெல்லாம் போகப் போகச் சரியாயிரும்" என்று தட்டிக்கழித்துவிட்டு நான் விமானம் ஏறிவிட்டேன்.

பின்லாந்துக்கு. அங்கே வேதியியல் ஆசிரியர்களை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று மூன்று வாரம் பார்த்துவர என்னை அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊர் கம்பத்தில் மார்கழிக் காற்றுக்கே காதை மூடிக்கொள்கிற ஆள் நான். அங்கே போட்டிருந்த உடுப்பையெல்லாம் கழற்றி மாட்டவே கால் மணி நேரம் ஆனது.

இரண்டாம் நாள் ஒரு பயிற்சி ஆசிரியை பாடம் எடுத்தாள். உப்புக் கரைசல் வழியாக மின்சாரம் பாய்வதைக் காட்ட வேண்டும். பல்பு எரியவில்லை. அவள் பதறவே இல்லை. பிள்ளைகளிடம் ஏதோ சொன்னாள். "ஏன் எரியலைன்னு எனக்கும் தெரியலை, பார்ப்போம்" என்கிறாள் என்று, பக்கத்தில் இருந்த அவளுடைய வழிகாட்டி அம்மையார் என் காதில் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. ஒரு ஒயர் கழன்று தொங்குவது எனக்குத் தெரிகிறது. எப்படிப் பொறுப்பது? எழுந்தே விட்டேன். "ஒயர் கழன்றிருக்கிறது!" என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தம். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

பிறகு காப்பி குடிக்கும்போது அந்த அம்மையார் மெதுவாகச் சொன்னார்: "முன்வரிசையில் ஒரு மாணவி அந்த ஒயரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் குரல் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். "பிள்ளைகள் சொல்வதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்." அவர்கள் வழக்கம் அது. பாடம் முடிந்து உட்கார்ந்ததும் பாடம் நடத்தியவர்தான் முதலில் பேச வேண்டும். அதுவரை மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. எனக்கு இது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மூன்று வாரத்தில் ஓரளவு பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

பெட்டியைப் பிரிப்பதற்குள், மருந்துக் கம்பெனியை விட்டு வந்த நம்மவர் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். படிப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்ற கடிதம். "புதன்கிழமை ஒரு வகுப்பு ஒத்துக்கிட்டேன் மேடம். அத முடிச்சிட்டுக் குடுத்திருறேன்." அப்பா, எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரைக் கிளப்பிவிட்டது என் வாய்தானே.

புதன்கிழமை, உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளி, பத்தாம் வகுப்பு. மயில்துத்தக் கரைசலில், அதாவது காப்பர் சல்பேட் கரைசலில், இரும்பு ஆணியைப் போட்டால் தாமிரம் படிந்து ஆணி சிவக்கும். அதுதான் பாடம். பள்ளியில் துத்தம் முந்தின நாளே தீர்ந்துபோயிருந்ததால், திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தன் அண்ணனிடம் கேட்டு ஒரு பாட்டில் கரைசல் கொண்டுவந்திருந்தார். அவர் அதைக் குவளையில் ஊற்றும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தெளிவான நீலமாக இல்லை, வெளிறிக் கலங்கியிருந்தது. கொடிக்கு மருந்தடிக்கச் சுண்ணாம்பு சேர்த்து வைத்த கலவையை அண்ணன் அப்படியே பிடித்துக் கொடுத்திருக்கிறார்! பதற்றத்தில் இவர் கவனிக்கவில்லை.

ஆணி சிவக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனது, சிவக்கவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழப்போகிறேன் என்று வகுப்பும் திரும்பிப் பார்த்தது. நான் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

நான் எழவில்லை என்றதும் அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஏன்னு எனக்கும் தெரியலப்பா. உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?"

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், இது கொடிக்கு அடிக்கிற மருந்து மாதிரி இருக்கு. எங்க அப்பா அருவாளத் தேச்சுட்டு இதுல முக்கிப் பாப்பாக. செவப்பு ஏறுச்சுன்னா இன்னும் சுண்ணாம்பு போடுவாக. ஏறலைன்னாத்தான் அடிப்பாக. இல்லாட்டி இலை கருகிப் போகும்."

"எங்க தோட்டத்துலயும் அப்படித்தான் சார்!" என்று நாலைந்து குரல்கள். நான் நோட்டைத் திறந்து அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அட, அண்ணன் வேலையா இது!" என்று சிரித்தார். வகுப்பும் சிரித்தது, இந்தத் தடவை அவரோடு சேர்ந்து. "அப்ப சுண்ணாம்ப என்ன செஞ்சா போகும்?" என்று கேட்டார். அமிலம் என்று இரண்டு பேர் கத்தினார்கள். நீர்த்த கந்தக அமிலத்தை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். கலங்கல் விலகி நீலம் துலங்கியது. ஆணியைத் திரும்பப் போட்டார். மணியடித்த பிறகும் யாரும் வெளியே போகவில்லை. ஆணி சிவந்தது.

பாடம் முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தேன்.

"மேடம், நீங்க எப்பக் கண்டுபிடிச்சீக?"

"நீங்க ஊத்தும்போதே."

"பெறகு ஏன் சொல்லல?"

"முந்தி சொல்லிச் சொல்லித்தான உங்களப் போகுற அளவுக்குக் கொண்டுவந்துட்டேன்" என்றேன். "மன்னிச்சிருங்க சார்." பயிற்சிக்கு வந்தவரை நான் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். அருவாள் பேச்சு முழுவதும் அதில் இருந்தது. படித்து முடித்து, சட்டைப் பையிலிருந்து அந்த விலகல் கடிதத்தை எடுத்தார்.

ஈரம் காயாத அந்தச் சிவந்த ஆணியைக் கடிதத்தில் வைத்துச் சுற்றினார். பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு அடுத்த செக்‌ஷன் பிள்ளைகளுக்குக் காட்டணும்ல" என்றார்.