பாண்டி எரிக்கச் சொன்ன முள்வேலி

பாண்டி போய்விட்டான். செவ்வாய்க்கிழமை.

ஷிஃப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் இருக்கும்போது எங்கள் லைன் ஆட்களின் வாட்ஸப் குரூப்பில் மெசேஜ் வந்தது. லீவில் முதுகுளத்தூர் பக்கம் ஊருக்குப் போனவன்... முப்பத்தி நாலு வயசு.

எல்லோரும் கை கூப்பிய படம் போட்டார்கள். மறுநாள் வேன் பிடித்து அடக்கத்துக்கும் போய் வந்தார்கள். நான் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டிலேயே கிடந்தேன்.

பயம். இன்னும் போகவில்லை. என்ன பயம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வருஷம் கம்பெனி அசெம்பிளி லைனில் எனக்கு அடுத்த ஸ்டேஷனில் நின்றவன் அவன்.

வல்லம் வடகால் சிப்காட் எஸ்டேட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. அப்பா போனபிறகு யாரும் உழவில்லை. சீமைக்கருவேலம் மண்டி, உள்ளே போன மாடு வெளியே வர வழி தேடும். போன வருஷம் ஆள் வைத்து வெட்டினேன். ரெண்டே மாசம்... ஒரு கிளை இருந்த இடத்தில் பத்துக் கிளை.

பாண்டி வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “அண்ணே, நீங்க மரத்த வெட்டல. கட்டிங் பண்ணி விட்டிருக்கீக!”

அவன் வீட்டில் இந்த மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்கள். இது எப்படிச் சாகும், எப்படிச் சாகாது என்று அவனுக்குத் தெரியும். லீவு நாள் தவறாமல் வந்தான். முழங்கால் ஆழம் தோண்டி, வேர்முண்டுக்குக் கீழே வெட்டி, புரட்டிப் போட்டான். ஏன்டா இந்தப் பாடு என்றால், “ரூம்ல படுத்துக் கெடந்தா ஊரு நெனப்பு வருதுண்ணே” என்பான்.

அப்புறம் மண்ணுக்கு உரமாகச் சணப்பு விதைத்து மடக்கி உழுதோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு ஒரு மண்புழு வந்தது. அதைக் கையில் வைத்து செல்ஃபி எடுத்து, ‘புது ஜாயினிங்’ என்று ஸ்டேட்டஸ் போட்டான். லைன் முழுக்க ஒரு வாரம் அவனைக் கலாய்த்தது.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை. வெட்டிப் போட்ட முள்.

“கூட்டி எரிச்சிருவோம்ணே. கிளுவைக் குச்சி நட்டா அது பாட்டுக்கு உயிர்வேலியா வளரும்.”

“அது வளர்ற வரிக்கும் இன்னா பண்றது? நெலம் தொறந்து கெடந்தா எவனாவது கல்லு நட்டுட்டுப் பூடுவான் பாண்டி.”

சும்மா சொல்லவில்லை. முள் இருந்தவரை அந்தப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. சுத்தம் பண்ணிய மறுவாரமே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கினவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பட்டா இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிறது.

வெட்டிய முள்ளையெல்லாம் இழுத்து நாலு பக்கமும் வேலி போட்டேன். பாண்டி முனகிக்கொண்டே கூட இழுத்தான்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால் அந்த வேலியைத் தாண்டும்போது காய்ந்த முள் ஒன்று அவன் ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியது. பிடுங்கினோம். முனை உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது.

ஊசி போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டான். நான்தான்... நான்தான் சொன்னேன். “இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? எருக்கம்பால் வையி, தன்னால வெளிய வந்துடும்.” நானே எருக்கு ஒடித்து வந்து வைத்தும் விட்டேன்.

மறுநாள் நொண்டினான். சூப்பர்வைசர் கேட்டதற்கு, ஷூ கடிக்கிறது என்றான். சனிக்கிழமை ஊருக்கு பஸ் ஏறும்போது கால் நன்றாக வீங்கியிருந்தது. “வாரப்ப கிளுவைக் குச்சி கொண்டாரேன். அப்பறம் என்ன சாக்கு சொல்றீகன்னு பாக்குறேன்” என்று படியில் நின்று சிரித்தான்.

காய்ச்சல்... ஆஸ்பத்திரி... சர்க்கரை இருந்தது அவனுக்கே தெரியாதாம். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்களாம். ஊருக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நேற்று அவன் மனைவி முத்துமாரி மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எங்கே குத்தின முள் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

நாலாவது முறை எடுத்தேன்.

“அண்ணே... அங்க மழ பேஞ்சிருச்சா?”

“பேஞ்சுக்கினு கீதும்மா.”

“வந்த அன்னைக்கே நொண்டிக்கிட்டே போயி கிளுவைக் குச்சி வெட்டியாந்தாக. எங்கண்ணனுக்குன்னு சொன்னாக. ஈரச் சாக்குல சுத்தி வச்சிருக்கேன். காஞ்சு போறதுக்குள்ள வந்து எடுத்துக்கங்கண்ணே.”

முள்ளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

முத்துமாரி, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள். அது என் வேலி முள்ளும்மா. எருக்கம்பால் வைத்ததும் நான்தான்.

இன்று காலை வேலியைக் கொளுத்தினேன். மழையில் நனைந்த முள்... பற்றிக்கொள்ள வெகுநேரம் ஆனது. எரிந்துகொண்டிருக்கும்போதே ரோட்டில் அந்த வெள்ளைக் கார் ஸ்லோவாகிப் போனது. இப்போது நிலம் நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

அதைவிடப் பயம், உன் வீட்டு வாசலில் வந்து நிற்பது.

நாளைக்கு பஸ் ஏறுகிறேன். குச்சி காய்வதற்குள் வந்துவிடுவேன்.

போய் வா பாண்டி.